பள்ளிகளின் சூழலியல் தடம்: அளவீடும் பொறுப்பும் குறைப்பும்

பள்ளி ஒன்று நடைபெறுவதற்கு மின்சாரம், நீர், உணவு, காகிதம், துணி, எரிபொருள், சிமெண்டு, நிலம் எனப் பலவும் தேவைப்படுகின்றன. இவற்றை ஆக்குவதிலும், கொண்டுவந்து சேர்ப்பதிலும், பயன்படுத்திக் கழிப்பதிலும் இயற்கையின்மீது விழும் சுமையின் மொத்தமே அப்பள்ளியின் சூழலியல் தடம் எனப்படுகிறது. தனியொரு பள்ளியின் தடம் ஓர் ஆலையின் தடத்தோடு ஒப்பிட மிகச் சிறியதே. ஆயினும் ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் கணக்கெடுப்பின்படி 2023-24 கல்வியாண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 14.7 லட்சம் பள்ளிகள் இயங்கின என்பதையும், அவற்றில் 24.8 கோடி மாணவர்கள் பயின்றனர் என்பதையும் கருதினால், பள்ளிகளைச் சூழல் கணக்கிலிருந்து விட்டுவிட இயலாது என்பது விளங்கும். இக்கட்டுரை, பள்ளிகளின் தடத்தை அளக்கக் கையாளப்படும் முறைகளையும், அவை காட்டுவனவற்றையும் மறைப்பனவற்றையும், தடத்தைக் குறைக்க மேற்கொள்ளப்படும் முயற்சிகளின் உண்மையான எடையையும், பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் நிலையை முன்வைத்து ஆராய்கிறது. பள்ளியின் தடத்தில் பெரும்பகுதி அதன் சுற்றுச்சுவருக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளால் உருவாகிறது. குறைப்பு முயற்சிகளோ பெரும்பாலும் சுற்றுச்சுவருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. இந்த முரணே இத்துறையின் மையச் சிக்கல் எனலாம்.

சூழலியல் தடம் என்னும் கருத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரீஸ் 1992இல் முன்வைத்தார்; அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகல் அதனை விரிவான கணக்கீட்டு முறையாக வளர்த்தார். ஒரு மக்கள் தொகுதி நுகரும் வளங்களை வழங்கவும், அது வெளியேற்றும் கழிவுகளை ஏற்கவும் எவ்வளவு விளைநிலமும் நீர்ப்பரப்பும் தேவை என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி; விடை எக்டேர் கணக்கில் கிடைத்தது. ஒரு நாட்டுக்கோ நகரத்துக்கோ பொருந்திய இந்த அளவைப் பள்ளி போன்ற சிறு நிறுவனத்துக்குக் கொண்டுவருகையில் ஊகங்கள் மிகுந்துவிடுகின்றன. ஆகவே பின்னாளில் பள்ளிகளுக்குப் பெரிதும் பயன்பட்டது கார்பன் தடம் என்னும் குறுகிய அளவே. பள்ளியின் செயல்களால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களை, அதாவது வளிமண்டலத்தில் தங்கி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்களை, அது கரியமில வாயுவுக்கு ஈடான எடையாக மாற்றிக் கூட்டுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ மீத்தேன் நூறாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான வெப்பத்தைப் பிடிப்பதாகக் கொள்ளப்படுகிறது. குறுகிய அளவாக இருப்பதே இதன் வலிமையும் குறையும் ஆகும்: பல்வேறு செயல்களை ஒரே தட்டில் நிறுக்க இது உதவுகிறது; நீர்ப் பற்றாக்குறையையோ, சமையற்கூடத்துப் புகையையோ, வளாகத்திலிருந்து மறைந்துபோன பறவையினங்களையோ இதனால் காட்ட முடியாது.

எதனைப் பள்ளியின் கணக்கில் சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. உலக வளக் கழகமும் நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் குழுவும் இணைந்து 2001இல் வெளியிட்டு 2004இல் திருத்திய பசுமை இல்ல வாயு நெறிமுறை, நிறுவனங்களின் உமிழ்வை மூன்று எல்லைகளாகப் பிரிக்கிறது. பள்ளி வளாகத்திலும் பள்ளிக்கு உரிய வண்டிகளிலும் எரியும் எரிபொருளால் நேரடியாக வெளியாவது முதல் எல்லை. பள்ளி வாங்கும் மின்சாரத்தை ஆக்குகையில் மின்நிலையத்தில் வெளியாவது இரண்டாம் எல்லை. வாங்கும் பொருள்கள், மாணவர் பயணம், உணவு விளைச்சல், கழிவு, கட்டுமானம் என மற்றவை அனைத்தும் மூன்றாம் எல்லை. வணிக நிறுவனங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட இப்பிரிவு பள்ளிக்குப் பொருத்தப்படும்போது ஒரு விசித்திரம் நிகழ்கிறது. பள்ளிப் பேருந்து முதல் எல்லையில் வருகிறது. பெற்றோர் தம் பிள்ளையை ஏற்றிவரும் இருசக்கர வண்டியோ, பலரும் கணக்கிடாமல் விடும் மூன்றாம் எல்லையில் விழுகிறது. ஆகவே பேருந்துகளை நிறுத்திவிட்டுப் பெற்றோர்மீது பொறுப்பைச் சுமத்தும் பள்ளி, உண்மையில் மொத்த உமிழ்வைக் கூட்டியிருந்தாலும், ஏட்டில் தன் தடத்தைக் குறைத்துக்கொண்டதாகத் தோன்றும். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடி 12 லிட்டர் டீசல் குடிக்கும் பேருந்து 50 குழந்தைகளை ஏற்றிச்சென்றால் குழந்தை ஒன்றுக்கு ஏறத்தாழ கால் லிட்டர் டீசலே செலவாகிறது. ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குக் காலையிலும் மாலையிலும் சென்று திரும்பும் பெற்றோரின் வண்டி 24 கிலோமீட்டர் ஓடி அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரிக்கிறது. உமிழ்வில் இது ஏறத்தாழ இருமடங்கு.

கணக்கீட்டின் இயக்கம் எளிது. மின்கட்டண அட்டையிலுள்ள யூனிட், எரிவாயு உருளைகளின் எண்ணிக்கை, டீசல் ரசீதுகள் ஆகிய செயல் அளவுகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் அதற்குரிய உமிழ்வுக் காரணியால், அதாவது ஓரலகுப் பயன்பாட்டுக்கு எவ்வளவு வாயு வெளியாகிறது என்னும் எண்ணால், பெருக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ, ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஏறத்தாழ 3 கிலோ. மின்சாரத்துக்கான காரணியை ஒன்றிய மின் ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நிலக்கரியே முதன்மையாக இருக்கும் இந்திய மின்தொகுப்பில் அது அண்மைய ஆண்டுகளில் யூனிட்டுக்கு 0.71 முதல் 0.73 கிலோ வரை இருந்துவருகிறது.

இவ்வெண்களைக் கொண்டு கற்பனையான இரு பள்ளிகளை ஒப்பிட்டால் சிக்கலின் வடிவம் புலப்படும். முதலாவது, 500 குழந்தைகள் நடந்தும் மிதிவண்டியிலும் வந்து மதியம் சத்துணவு உண்ணும் ஓர் அரசுப் பள்ளி என்று கொள்வோம். அதன் 15 வகுப்பறைகளில் அறைக்கு நான்கு வீதம் 60 மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட் திறனில், நாளொன்றுக்கு 6 மணி நேரமாக 200 நாள் சுழன்றால் 5,400 யூனிட் செலவாகும். அதன் உமிழ்வு ஏறத்தாழ 3.9 டன். அக்குழந்தைகளுக்குச் சராசரியாக 125 கிராம் வீதம் ஆண்டுக்கு 12.5 டன் அரிசி வேண்டும். நீர் தேங்கிய வயலில் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனை வெளிவிடுவதால் அரிசியின் உமிழ்வு மற்றத் தானியங்களைவிடக் கூடுதல். 2018இல் பூர், நெமெசெக் ஆகியோர் வெளியிட்ட உலகளாவிய தொகுப்பாய்வு ஒரு கிலோ அரிசிக்குச் சராசரியாக 4 கிலோவுக்கு மேல் கணித்தது. இந்திய நிலைக்கு அடக்கமாக 2 கிலோ என்று கொண்டாலும் 25 டன் வருகிறது. இரண்டாவது, பத்துப் பேருந்துகளும் குளிரூட்டப்பட்ட 30 வகுப்பறைகளும் கொண்ட ஒரு தனியார் பள்ளி. மேற்சொன்ன வீதத்தில் பேருந்துகள் 200 நாளில் 24,000 லிட்டர் டீசல் எரித்து 64 டன் உமிழ்கின்றன, அறைக்கு 1.5 கிலோவாட் வீதம் நாளுக்கு 5 மணி நேரமாக 150 நாள் ஓடும் குளிர்சாதனங்கள் 33,750 யூனிட் இழுத்து 24 டன் சேர்க்கின்றன. முதிர்ந்த மரம் ஒன்று ஆண்டொன்றில் ஏறத்தாழ 10 முதல் 25 கிலோ வரை கரியமில வாயுவை உள்வாங்குகிறது என்ற பொதுக்கணிப்பை இதனருகில் வைத்தால், அப்பள்ளியின் சுற்றுச்சூழல் நாள் விழாவில் நடப்படும் நூறு கன்றுகளும் பிழைத்து முதிர்ந்தால்கூட, 88 டன்னுக்கு எதிரே அதிகம் போனால் 2.5 டன்தான் ஈடாகும். நிழலுக்காகவும் மண்ணுக்காகவும் மரம் நடுவது நன்றே. உமிழ்வுக்குக் கழுவாயாக அதைக் காட்டுவதைத்தான் எண்கள் ஏற்க மறுக்கின்றன.

மேற்கண்ட கணக்கில் அரசுப் பள்ளியின் அரிசி பெருந்தொகையாகத் தெரிவதில் ஒரு பொறி உண்டு. அக்குழந்தைகள் பள்ளியில் உண்ணாவிட்டால் வீட்டில் உண்டிருப்பார்கள், அல்லது பசியோடு இருந்திருப்பார்கள். தனியார் பள்ளிக் குழந்தையின் மதிய உணவுக்கும் அரிசி விளைந்தே தீரவேண்டும், ஆனால் அது அப்பள்ளியின் கணக்கில் ஏறுவதில்லை. எனவே கணக்கெல்லையை வரையறுக்காமல் இரு பள்ளிகளின் மொத்த எண்களை ஒப்பிடுவது பயனற்றது மட்டுமின்றி, நலத்திட்டம் ஏற்றிருக்கும் பள்ளிக்கு அநீதியும் ஆகும். மின்விசிறியே இல்லாத வகுப்பறை, விளக்கில்லாத கழிப்பறை, ஆய்வகமற்ற மேல்நிலைப் பள்ளி ஆகியவற்றின் தடம் மிகக் குறைவாக இருக்கும்; அது சிக்கனத்தின் அளவன்று, இல்லாமையின் அளவு. மாணவர் ஒருவருக்கு இவ்வளவு, தரைப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்லும் செறிவு அளவுகள் ஒப்பீட்டைச் சற்று நேர்மையாக்கினாலும், ஒரே அறையில் 60 பேரை அடைத்துவைக்கும் பள்ளி இந்த அளவில் மெச்சத்தக்கதாகத் தோன்றிவிடும். ஆகவே, வகுப்பறை வெப்பநிலை, ஒளி, குடிநீர், கழிப்பறை ஆகிய அடிப்படை வசதிகள் குறைந்த அளவேனும் நிறைவேறிய பள்ளிகளுக்கிடையில் மட்டுமே தடத்தை ஒப்பிடுவது முறையாகும். மற்றப் பள்ளிகளில் தடம் சிறிது கூடவேண்டியிருக்கிறது என்பதை ஒளிக்காமல் ஏற்பதே நேர்மை.

விறகடுப்பின் கணக்கு இன்னொரு முரணைக் காட்டுகிறது. நெறிமுறையின்படி விறகு எரிவதால் வரும் கரியமில வாயு, மரம் மீண்டும் வளர்ந்து உள்வாங்கும் என்ற எண்ணத்தில், மொத்தத்தில் சேர்க்கப்படாமல் தனியே குறிக்கப்படுகிறது. சத்துணவுக்கூடம் விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறும்போது முதல் எல்லை உமிழ்வு ஏட்டில் உயர்கிறது. சமையலரும் உதவியாளரும் நாள்தோறும் சுவாசித்த புகையோ நின்றுபோகிறது. எண் உயர்ந்ததால் மாற்றம் தவறாகிவிடாது. அளவீடு முடிவெடுக்க உதவலாமே தவிர முடிவாகிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பள்ளிகளின் தடத்தை நாடு முழுமைக்கும் அளக்க முயன்ற முன்னோடி முயற்சிகளுள் இங்கிலாந்தினது குறிப்பிடத்தக்கது. அந்நாட்டு அரசின் ஆலோசனை அமைப்பாயிருந்த நீடித்த வளர்ச்சி ஆணையம், இங்கிலாந்துப் பள்ளிகளின் ஆண்டு உமிழ்வு 90 லட்சம் டன்னுக்கு மேல் என்றும், அது பொதுத்துறை உமிழ்வில் ஏறத்தாழ 15 விழுக்காடு என்றும் கணித்தது. குளிர்நாடாகையால் அறைகளைச் சூடாக்கும் எரிவாயுவே பெரும்பங்கு வகிக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் 2008ஆம் ஆண்டின் ஆய்வில் கட்டட ஆற்றலைவிடக் கொள்முதலே, அதாவது பள்ளிகள் வாங்கும் பொருள்களையும் சேவைகளையும் ஆக்குவதால் வரும் உமிழ்வே, கூடுதலாக இருந்தது. பயணம் அவற்றுக்கு அடுத்து வந்தது. பள்ளிச் சூழல் மன்றங்கள் தம் உழைப்பில் பெரும்பகுதியைச் செலவிடும் கழிவு, மிகச் சிறிய பங்காகவே இருந்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய பொதுக் கட்டடங்கள் தம் ஆற்றல் செலவைத் தரப்படுத்திய சான்றிதழாக வாயிலில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. 2022 ஏப்ரலில் வெளியான அந்நாட்டுக் கல்வித்துறையின் உத்தி, 2025ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு கல்வி நிலையமும் இதற்கென ஒரு பொறுப்பாளரையும் ஒரு செயல்திட்டத்தையும் கொண்டிருக்க வேண்டும் என்றது.

இந்தியாவில் இவ்வியக்கம் அளவீட்டிலிருந்து தொடங்காமல் கல்வியிலிருந்து தொடங்கியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் பாடமாக்க வழிகாட்டியது. 2001-02இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசியப் பசுமைப் படையைத் தொடங்கிப் பள்ளிதோறும் சூழல் மன்றங்களுக்கு உதவியது. தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் நடத்திவரும் பசுமைப் பள்ளித் திட்டமே மாணவர் கையில் அளவுகோலைக் கொடுத்தது. காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்னும் ஆறு தலைப்புகளில் மாணவர்கள் தம் பள்ளியைத் தாமே தணிக்கை செய்கின்றனர். மின்மானியைப் படிக்கின்றனர், குழாய்க் கசிவை வாளி வைத்து அளக்கின்றனர், ஆசிரியர்கள் எவ்வாறு பள்ளிக்கு வருகின்றனர் என்று விசாரிக்கின்றனர். அகமதாபாத்தின் சுற்றுச்சூழல் கல்வி மையம் 2007இல் முன்வைத்த கைத்தடம் என்னும் கருத்து, செய்த கேட்டை மட்டும் எண்ணாமல் செய்யக்கூடிய நன்மையையும் எண்ண வேண்டும் என்றது. உலக அளவில், 1992 ரியோ மாநாட்டுக்குப் பின் கருக்கொண்டு 1994இல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் தொடங்கிய சூழல் பள்ளிகள் திட்டம், ஏழு படிகளைக் கடந்த பள்ளிகளுக்குப் பச்சைக்கொடி வழங்குகிறது.

இத்திட்டங்களின் கல்வி மதிப்பு மறுக்கத்தக்கதன்று. ஆனால் சான்றிதழுக்கும் விளைவுக்கும் இடையிலான தொடர்பு தளர்வானது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் சுவீடனிலும் நடந்த ஒப்பாய்வுகளில், சான்று பெற்ற பள்ளிகளுக்கும் பெறாதவற்றுக்கும் இடையே மாணவர் மனப்பாங்கிலும் நடத்தையிலும் எதிர்பார்த்த அளவு வேறுபாடு தென்படவில்லை. தாமே நிரப்பிய படிவத்துக்குத் தாமே மதிப்பெண் பெறும் தணிக்கையில் எண்கள் அழகாவதும் இயல்பே. மாணவர் தணிக்கையைப் பாடமாகவும், மின்வாரியக் கணக்கைச் சான்றாகவும் கொள்வது, அதாவது இரண்டையும் தனித்தனியே வைப்பது, இக்குழப்பத்தை ஓரளவு தீர்க்கும்.

குறைப்பு வழிகளுள் மிகுந்த எடையுடையது பயணம். அதிலும் வண்டியின் எரிபொருளைக் காட்டிலும் பள்ளியின் தொலைவே முதன்மையானது. 1964-66 கோத்தாரி ஆணையம் அருகமைப் பொதுப்பள்ளியைப் பரிந்துரைத்தது சமத்துவத்துக்காக. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் உயர் தொடக்கப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்றது குழந்தையின் கால்களைக் கருதி. அவ்விரண்டும் சூழல் கொள்கைகளாகவும் அமைந்துவிட்டன என்பதை எவரும் அன்று எண்ணியிருக்கமாட்டார்கள். மாணவர் குறைந்த பள்ளிகளை மூடி இணைக்கும்போது சேமிக்கப்படும் கட்டடச் செலவு கணக்கில் வருகிறது. அக்குழந்தைகள் இனி ஏறவேண்டிய வண்டிகளின் டீசல் எவர் கணக்கிலும் வருவதில்லை. ஊரின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒரே தெருவுக்குள் மஞ்சள் பேருந்துகள் நுழைந்து, வெவ்வேறு பள்ளிகளின் பெயரில் ஒரே சந்தில் குழந்தைகளை ஏற்றிச்செல்லும் காட்சி, பள்ளித் தேர்வு சந்தையாகிவிட்டதன் உமிழ்வு வடிவமே. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்க்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டியும், அரசுப் பேருந்துகளில் மாணவர்க்குரிய கட்டணமில்லாப் பயண அட்டையும் கல்வி நலத்திட்டங்களாக மட்டுமே பேசப்படுகின்றன. இம்மாநிலத்தின் பள்ளிப் பயண உமிழ்வைத் தாழ்வாக வைத்திருப்பதில் அவற்றின் பங்கு அளக்கப்பட வேண்டிய ஒன்று. மின்பேருந்துகளைப் பற்றிய பேச்சு இதற்குப் பிறகே வரவேண்டும். 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டத்தின்கீழ் அமெரிக்கா பள்ளிப் பேருந்துகளை மாற்ற ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கே ஏறத்தாழ ஐந்து லட்சம் பள்ளிப் பேருந்துகள் ஓடுகின்றன, அவற்றுள் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். நிலக்கரி மின்சாரம் மிகுந்த இந்தியாவில் மின்பேருந்தின் முதற்பயன் குழந்தைகளின் மூச்சுக்காற்றில் தெரியும். உமிழ்வுப் பயன் மின்தொகுப்பு தூய்மையாகும் அளவுக்கே வளரும்.

உணவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் நிலை தனித்தன்மை உடையது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. அளவைக் குறைப்பது இங்கே பேச்சுக்கே உரியதன்று. அரிசி எவ்வாறு விளைகிறது, எதனால் சமைக்கப்படுகிறது, எவ்வளவு தட்டில் மிஞ்சுகிறது என்னும் மூன்று இடங்களில்தான் வழி இருக்கிறது. வயலில் எப்போதும் நீரைத் தேக்கிவைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சும் முறை மீத்தேனைக் கணிசமாகக் குறைக்கிறது. பெருங்கொள்முதலாளராகிய அரசு அம்முறையில் விளைந்த நெல்லுக்கு ஊக்கம் தந்தால் அதன் விளைவு, ஆயிரம் பள்ளிகளில் விளக்கை அணைப்பதைவிடப் பெரிதாயிருக்கும். கம்பு, கேழ்வரகு, சாமை ஆகியவற்றை வாரத்தில் சில வேளை சேர்ப்பதும் அவ்வாறே. ஆனால் குழந்தைகள் விரும்பி உண்ணாத கஞ்சி தொட்டிக்குப் போனால் வயலில் மிச்சமானது அங்கே தொலையும். தட்டில் மிஞ்சுவதை அளப்பது மாணவர் தணிக்கைக்கு மிகவும் ஏற்ற வேலை. ஒரு வாரம் எடை பார்த்தால் எந்நாளில் எது வேண்டாததாகிறது என்பது சத்துணவு அமைப்பாளருக்கே செய்தியாக அமையும்.

கட்டடங்களின் கணக்கில் இருவகை உமிழ்வு உண்டு: கட்டும்போது சிமெண்டு, இரும்பு, செங்கல் ஆகியவற்றில் உறைந்துவிடுவது ஒன்று, பயன்படுத்துகையில் ஆண்டுதோறும் சேர்வது மற்றொன்று. ஒரு டன் சிமெண்டு ஆக்குகையில் அதன் கலவைக்கேற்ப ஏறத்தாழ 600 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. மின்விசிறியும் விளக்கும் மட்டுமே கொண்ட பள்ளியில், கட்டும்போது உறைந்த உமிழ்வை எட்டப் பல பத்தாண்டு மின்செலவு வேண்டும். ஆகவே இடிக்கத் தேவையில்லாத கட்டடத்தைப் பழுதுபார்த்துக் காப்பது வெளிப்படையான சூழல் செயலாகும். ஆயினும் இங்கும் எண்ணுக்கு மேலான ஒன்று உண்டு. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரை வழியே பரவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தபின், தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. உறைந்த உமிழ்வு மிகக் குறைந்ததும் வெயிலுக்குக் குளிர்ந்ததுமான அக்கூரையின் இடத்தைக் கான்கிரீட்டும் தகரமும் கல்நார் ஓடும் பிடித்தன. அம்முடிவைச் சூழல் கண்ணோட்டத்தில் குறைகூற எவரும் துணியமாட்டார், துணியவும் கூடாது. ஆனால் தீப்பிடிக்காத கூரை வெப்பத்தைத் தாங்காத கூரையாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2023இலும் 2024இலும் வெயிலின் கடுமையால் கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறப்பதே தள்ளிவைக்கப்பட்ட நிலையில், வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல், எதிரெதிர்ச் சாளரம், உயரமான மேற்கூரை ஆகியவை ஆடம்பரமல்ல. வெள்ளைப் பூச்சு மட்டுமே அறைக்குள் சில பாகை வெப்பத்தைக் குறைக்க வல்லது. இவ்வாறு கட்டாத பள்ளிகளில் நாளைக்குக் குளிர்சாதனம் வந்தே தீரும். அதன் உமிழ்வைப் பின்னர் சூரிய மின்தகட்டால் துரத்திப் பிடிப்பது கடினம். பாரிஸ் நகரம் 2018 முதல் தன் பள்ளி முற்றங்களின் தாரை உடைத்தெடுத்து மண்ணும் மரமும் நிழலுமாக மாற்றிவருவது, வெப்ப அலையின் காலத்தில் பள்ளி வளாகமே அக்கம்பக்கத்தாருக்குப் புகலிடமாகலாம் என்ற எண்ணத்தால்தான். நம்மூரில் வேம்படியும் புங்கமரத்து நிழலும் வகுப்பறையாயிருந்த வளாகங்களில் சிமெண்டுக் கற்களைப் பதித்து முற்றத்தை அழகுபடுத்துவது இதற்கு நேரெதிரான திசை.

மின்சாரத்தில் வழி தெளிவானது. மேற்சொன்ன அரசுப் பள்ளியின் 60 மின்விசிறிகளையும் 30 வாட் அளவிலான பி.எல்.டி.சி. வகை விசிறிகளாக மாற்றினால் ஆண்டுக்கு 3,240 யூனிட் மிச்சமாகி 2.3 டன் உமிழ்வு குறையும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருகிறது. பள்ளியின் தேவை பகற்பொழுதில் எழுவதால் இது பொருத்தமானதே. எனினும் வெயில் உச்சமாயிருக்கும் மே மாதத்திலும், வார விடுமுறைகளிலும் மின்சாரம் எடுப்பாரற்றுக் கிடக்கும். மிகுதியை மின்தொகுப்புக்கு அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு சீராக இல்லாவிட்டால், நன்கொடையாளரின் பெயர்ப்பலகையோடு கூரையில் தூசு படிந்த தகடுகளே மிஞ்சும். தகடுகளைத் துடைக்கவும் இன்வெர்ட்டர் பழுதானால் சரிசெய்யவும் எவருக்குப் பொறுப்பு என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதாத திட்டங்கள் இந்நிலையையே அடைகின்றன. பயன்படுத்தும் ஆற்றலையெல்லாம் ஆண்டுக்கணக்கில் தானே ஆக்கிக்கொள்ளும் பள்ளிகள் அமெரிக்காவின் கென்டக்கியில் 2010லும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் 2015லும் திறக்கப்பட்டன; அவற்றில் முதலில் தேவையைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து, பின்னரே தகடுகள் ஏற்றப்பட்டன என்பதுதான் கற்கத்தக்கது.

நீரின் தடம் கார்பனைப்போல் எங்கும் ஒரே மதிப்புடையதன்று. இராமநாதபுரத்தில் எடுக்கும் ஒரு லிட்டரும் கன்னியாகுமரியில் எடுக்கும் ஒரு லிட்டரும் வெவ்வேறு சுமைகள். பகல்நேரப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளுக்கு 45 லிட்டர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்துள்ளது. 500 சதுர மீட்டர் கூரையில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், இழப்பு நீங்கலாக ஏறத்தாழ 3.6 லட்சம் லிட்டர் கிடைக்கும். 500 மாணவர்க்கு அது 16 நாள் தேவைதான். ஆகவே மழைநீர் சேகரிப்பை நேரடி நீர்வழங்கலாகக் காட்டிலும் நிலத்தடி நீரை நிரப்புவதாகக் கருதுவதே சரி. குடிநீர்ச் சுத்திகரிப்பு எந்திரங்கள் வெளித்தள்ளும் உப்புநீர், சுத்தமான நீரைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருப்பது பலர் கணக்கில் வருவதில்லை. அதைக் கழிப்பறைக்குத் திருப்ப ஒரு குழாயும் ஒரு தொட்டியும் போதும்.

கழிவின் உமிழ்வுப் பங்கு சிறிதாயினும் உள்ளூர்த் தீங்கு பெரிது. 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை இருந்தும், வளாகத்து மூலையில் குப்பையைக் கொளுத்தும் வழக்கம் ஓயவில்லை. தணிக்கைகள் கூச்சத்தோடு கடந்துசெல்லும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: மாணவியர்க்கு விலையில்லா அணையாடை வழங்கப்படுவது பெருநன்மை, ஆனால் அவற்றை எரிக்கப் பள்ளிகளில் வைக்கப்படும் சிறு எரிப்பான்கள் போதிய வெப்பமின்றி எரிந்தால் நச்சுப்புகை அங்கேயே சூழும். மடிக்கணினிகளில் உமிழ்வின் பெரும்பகுதி ஆக்கும்போதே நிகழ்ந்துவிடுவதால் ஓராண்டு கூடுதலாக உழைக்கவைப்பதே பயன் தரும். பாடநூல்களுக்கும் அதுவே பொருந்தும். ஆண்டு முடிவில் நூலைத் திரும்பப் பெற்று அடுத்தவருக்குக் கொடுப்பது நூலகமுள்ள எந்தப் பள்ளிக்கும் இயல்வதே, எழுதிநிரப்பும் பயிற்சிப் பக்கங்களைப் பாடநூல் நிறுவனம் தனியே அச்சிட்டால்.

இவ்வாறு ஒவ்வொரு பொருளிலும் முடிவு எவர் கையில் இருக்கிறது என்று பார்த்தால், தலைமையாசிரியரின் கையில் இருப்பவை விளக்கு, குழாய், தோட்டம், குப்பை ஆகியவையே. அரிசி உணவுத்துறையிடமும், கட்டட வரைபடம் பொதுப்பணித்துறையிடமும், நூல்கள் பாடநூல் கழகத்திடமும், பேருந்து வழித்தடம் போக்குவரத்துக் கழகங்களிடமும் தனியார் நிர்வாகங்களிடமும் இருக்கின்றன. பள்ளியளவில் தடத்தை அளந்து பள்ளியையே பொறுப்பாக்கும் திட்டங்கள் அதனால்தான் நோட்டமிட எளிதாகவும் விளைவில் மெலிந்தும் இருக்கின்றன. துறையளவில் கணக்கிடுவதற்கு வேண்டிய அடித்தளமோ ஏற்கெனவே உள்ளது. யுடைஸ் பிளஸ் படிவம் மின் இணைப்பு உண்டா, சூரிய மின்தகடு உண்டா, மழைநீர் சேகரிப்பு உண்டா என்று ஒவ்வொரு பள்ளியையும் கேட்கிறது. எவ்வளவு என்று கேட்பதில்லை. ஆண்டின் மின் யூனிட், எரிவாயு உருளை அல்லது விறகின் அளவு, மாணவர் வரும் வழியும் தொலைவும், கட்டடத்தின் பரப்பு ஆகிய நான்கு எண்கள் சேர்ந்தாலே மாவட்டந்தோறும் நம்பத்தக்க மதிப்பீடு கிடைத்துவிடும். ஏற்கெனவே கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் விவரம் ஏற்றுவதிலேயே பாடவேளைகளை இழக்கும் ஆசிரியர்மீது இதையும் சுமத்துவது முறையாகாது. மின் இணைப்பு எண்ணைக் கொண்டு மின்வாரியமும், உருளை வழங்கல் பதிவைக் கொண்டு எரிவாயு முகவர்களும், பயண அட்டைப் பதிவைக் கொண்டு போக்குவரத்துக் கழகங்களும் தத்தம் எண்ணை நேராகத் துறைக்கே அனுப்ப முடியும். ஆசிரியரிடம் கேட்க வேண்டியதாக மிஞ்சுவது, எத்தனை குழந்தைகள் நடந்து வருகிறார்கள் என்பது மட்டுமே.